பிடுங்கிய கழி

ஏரிக்கரையில் அந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டியபோது வாசல் வளைவில் அதன் பெயரை ஆளுயர ஆங்கில எழுத்துகளில் எழுதி வைத்தார்கள். பழவேற்காட்டுச் சுற்றுவட்டாரத்தில் ஒருத்தர் வாயிலும் அந்தப் பெயர் நுழையவில்லை. மதிலின் உயரத்தைப் பார்த்துவிட்டு 'காம்பவுண்டு ஸ்கூல்' என்று தாங்களே ஒரு பெயரை வைத்துக்கொண்டு சனங்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். உள்ளே மெட்ராஸ், பெங்களூர்ப் பணக்காரர்களின் பெண்கள் தங்கிப் படிக்கிறார்கள், சோற்றைக் கரண்டியால் சாப்பிடுகிறார்கள். இதற்குமேல் வெளியே யாருக்கும் எதுவும் தெரியாது.

அந்த மதிலுக்கு உள்ளே எல்லம்மாவும் இருந்தாள். ஏரிச் சேற்றில் கையால் இறால் தடவிப் பிடிக்கிற ராஜம்மாவின் மகள். இடம் வாங்கும்போது உள்ளூர்ப் பிள்ளை ஒன்றை இலவசமாகப் படிக்க வைப்பதாக ஊருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த ஒன்று இவள்தான். 'ஒரு தப்பு செய்தாலும் வெளியே' என்று பிரின்சிபால் அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். மற்ற பெண்கள் பத்துத் தப்பு செய்தாலும் அப்பாவுக்குக் கடிதம் போகும், அவ்வளவுதான். இவளுக்கு மட்டும் ஒன்று.

அந்த ஒரு தப்பை எல்லம்மா தினமும் செய்துகொண்டிருந்தாள். விடியும் நேரத்தில் விடுதியின் பின்கதவைத் திறந்துகொண்டு ஏரிப் படிக்கட்டுக்குப் போய் நிற்பாள். அப்போதுதான் அவள் அம்மாவும் மற்ற பெண்களும் மதிலோரத் தண்ணீரில் தடவிக்கொண்டு வருவார்கள். கழுத்துவரை நீரில் அமிழ்ந்து, மண்டியிட்டு ஊர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவார்கள். பிடித்த இறாலைப் போட ஓலைப்பறி. பறியின் கயிற்றைப் பல்லில் கடித்தபடி இருப்பார்கள். ஆகவே அந்த வரிசையில் யாரும் பேசுவதில்லை. மகளைக் கண்டால் ராஜம்மா தலையை ஒருமுறை ஆட்டுவாள். எல்லம்மாவுக்கு அது போதும்.

இது விடுதியில் ஒருத்திக்கு மட்டும் தெரியும். அறைத்தோழி அமீனா. பழவேற்காட்டின் பழைய வியாபாரக் குடும்பத்துப் பெண், ஆனால் பிறந்து வளர்ந்தது மெட்ராசில். அவள் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த சிவப்பு ஸ்வெட்டர் ஒன்று அவளிடம் இருந்தது. பள்ளி முழுக்க நீல ஸ்வெட்டர்தான், சிவப்பு அது ஒன்றே ஒன்று. தை மாதக் குளிரில் எல்லம்மா வெறும் பாவாடை சட்டையில் வெளியே போவதைப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டுக்கிட்டுப் போ, ஜுரம் வந்து படுத்தா நான்தான் கஞ்சி தூக்கணும்" என்று அமீனா அதை அவள்மேல் வீசினாள்.

எண்பத்திரண்டாம் வருஷம் பொங்கல் கழிந்த ஒரு காலை. ஏரியின்மேல் பனி படர்ந்திருந்தது, தடவும் பெண்கள் இன்னும் வரவில்லை. படிக்கட்டில் நின்ற எல்லம்மா பள்ளியின் துடுப்புப் படகைப் பார்த்தாள். படகில் இரண்டு பேர், உருவத்தையும் குரலையும் வைத்து அடையாளம் தெரிந்தது. ஒருவர் விடுதி வார்டன் சுப்பராயலு சார். படகோட்டும் பாடம் எடுப்பவரும் அவர்தான். பெண்கள் அழுதால் பாக்கெட்டிலிருந்து ஆரஞ்சு மிட்டாய் எடுத்துக் கொடுப்பார், அவரைப் பிடிக்காத பெண்ணே கிடையாது. இன்னொருவர் காவல்காரர் மாசிலாமணி. அவர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தப் பொட்டியில இன்னா சார் கீது? கடல்ல வந்த பொட்டிய எதுக்கு ஸ்கூல் ஸ்டோர்ல வெக்கிறீங்க?" என்பது மட்டும் தண்ணீர்மேல் தெளிவாகக் கேட்டது.

சார் எழுந்து நின்றார். மாசிலாமணி தண்ணீரில் விழுந்தார். தவறித்தான் விழுந்தார், சார் துடுப்பை நீட்டிக் காப்பாற்றப் போகிறார் என்று எல்லம்மா நினைத்தாள். சார் துடுப்பை நீட்டினார். அதை மாசிலாமணியின் தலைமேல் வைத்து, அவசரமே இல்லாமல் அழுத்தினார். தண்ணீர் கொஞ்ச நேரம் கொப்பளித்தது, பிறகு நின்றது.

எல்லம்மாவின் தொண்டையிலிருந்து என்ன சத்தம் வந்ததோ அவளுக்கே தெரியாது. சார் திரும்பிப் பார்த்தார். பனியில் முகம் தெரிந்திருக்காது. ஸ்வெட்டர் தெரிந்திருக்கும்.

ஓடிவந்து போர்வைக்குள் புகுந்தவள்தான், அதன்பிறகு அவள் வாய் அந்த விஷயத்துக்காகத் திறக்கவில்லை. யாரிடம் சொல்வது? சொன்னால் முதல் கேள்வி, 'நீ அங்கே எதற்குப் போனாய்?' அவள் பேச்சை யார் நம்புவார்கள்? இரண்டு நாள் கழித்து மாசிலாமணியின் உடல் வடக்குக் குப்பத்து வலையில் சிக்கியது. குடித்துவிட்டுத் தண்ணீரில் விழுந்துவிட்டார் என்று பேசி முடித்தார்கள். இறைவணக்கக் கூட்டத்தில் சுப்பராயலு சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. சிவப்பு ஸ்வெட்டரை மடித்து அமீனாவின் டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள். "ஏன், குளிர் விட்டுப்போச்சா?" என்று அமீனா கேட்டபோது போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அந்த வாரம் சனிக்கிழமை மதியம், பிரின்சிபால் அம்மா மெட்ராஸ் போயிருந்த நேரம், அமீனா அறைக்குள் துள்ளிக்கொண்டு வந்தாள்.

"வாப்பா வந்திருக்காங்களாம். பழவேற்காடு ஜெட்டியில நிக்கிறாங்களாம். சார் படகுல கூட்டிட்டுப் போறேன்னாரு."

எல்லம்மா கட்டிலிலிருந்து எழுந்தாள். "எந்த சாரு?"

"சுப்பராயலு சார்தான். அதை விடு, உன்னை ஒரு கண்டத்துலேருந்து காப்பாத்தியிருக்கேன், தெரியுமா? நேத்து சார் கூப்பிட்டு, 'காலையில ஏரிப் படிக்கட்டுப் பக்கம் போவியாம்மா, உன் ஸ்வெட்டரைப் பார்த்தேனே'ன்னு கேட்டாரு. உன் பேரைச் சொன்னா உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்கல்ல? நான்தான் சார் போனேன்னு சொல்லிட்டேன். திட்டவேயில்லை. மிட்டாய் குடுத்தாரு."

சார் தேடுவது தன்னை என்று எல்லம்மாவுக்குப் புரிந்தது. சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் வாசலில் நிழல் விழுந்தது.

"போலாமாம்மா?" என்றார் சுப்பராயலு சார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. எல்லம்மாவைப் பார்த்துப் புன்னகைத்தார். "நீயும் வர்றியாம்மா? படகுல இன்னொருத்தருக்கு இடமிருக்கு."

அவள் தலையை இல்லை என்று ஆட்டினாள். அது தானாக ஆடியது. சொல்லவேண்டியதை அவர் முன்னால் சொல்ல முடியவில்லை. அமீனா கையசைத்துவிட்டு அவரோடு போனாள். அந்தக் கணத்தில் எல்லம்மா தன்னை எவ்வளவு வெறுத்தாள் என்றால், வெறுப்பில் அவளுக்கு வாந்தியே வந்தது.

வாயைத் துடைத்துக்கொண்டு ஏரிப் படிக்கட்டுக்கு ஓடினாள். ஜெட்டி தெற்கே இருக்கிறது. படகு தெற்கே போனால் தான் பயந்ததெல்லாம் வீண், அமீனாவின் வாப்பா உண்மையிலேயே வந்திருக்கிறார். அவள் அதை வேண்டிக்கொண்டே பார்த்தாள். படகு கரையிலிருந்து விலகியது. மெல்லத் திரும்பியது. வடக்கே போனது.

வடக்கே குப்பத்தைத் தாண்டினால் அப்புறம் ஆளில்லாத தண்ணீர்தான். பரந்து கிடக்கும், கூப்பிட்டால் கேட்க ஆளிருக்காது. மாசிலாமணி இருந்த இடத்தில் இன்னும் புதுக் காவல்காரர் போடவில்லை. கேட்டைத் திறந்துகொண்டு எல்லம்மா கரையோரமாக ஓடினாள். ஓட ஓட இடதுபக்கம் படகு தெரிந்துகொண்டே வந்தது. அமீனாவின் தலை தெரிந்தது. அவள் ஏதோ கதை சொல்லிக்கொண்டு போகிறாள் போலிருந்தது, கைகள் ஆடின.

அன்று வடக்குக் குப்பத்தின் பாடு. ஏரியின் நல்ல இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டலாம் என்று குப்பங்கள் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கின்றன. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒருவரின் பாடு நாளில் வேறு ஆள் அந்தத் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. எல்லம்மாவின் சனங்களுக்குப் பாடே கிடையாது. வலைக்காரர்கள் விட்டுக்கொடுத்த ஓரத்தில் தடவிக்கொள்ளலாம், அதுவும் நட்ட கழிக்குக் கிட்டே போகாதவரைக்கும். அவர்கள் வீட்டுக் குழந்தைகள் நடக்கப் பழகும்போதே கேட்கிற பேச்சு, 'கழிகிட்ட போவாத' என்பதுதான்.

கரையில் குப்பத்துத் தலைவரான நாட்டார் நீலமேகம் ஆட்களோடு உட்கார்ந்து வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சவுக்குக் கழிகளை வரிசையாக நட்டுக் கட்டிய வலை, கரையிலிருந்து ஆழமான வாய்க்கால்வரை நீண்டு கிடந்தது. பள்ளிப் படகு அந்த வாய்க்கால் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் தரைதட்டும்.

எல்லம்மா அவர் காலடியில் போய் விழுந்தாள். "நாட்டாரே, அந்தப் படகை நிறுத்துங்க. அந்த சாரு அமீனாவைக் கொல்லப் போறாரு. மாசிலாமணி மாமாவையும் அவர்தான் கொன்னாரு, நான் பார்த்தேன்."

நீலமேகம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு படகைப் பார்த்தார். சுப்பராயலு சார் தூரத்திலிருந்து கையைத் தூக்கி வணக்கம் சொன்னார். நீலமேகமும் பதிலுக்குக் கையைத் தூக்கினார்.

"நீ தடவுறவுங்க ராஜம்மா பொண்ணுதான? இன்னா பேசுறே நீ? ஸ்கூல் படகு, ஸ்கூல் சாரு, ஸ்கூல் பொண்ணு. உனுக்கின்னா, எனுக்கின்னா?"

"படகு வடக்கால போவுது, ஜெட்டி தெக்கால—"

"போன தபா அந்தப் பொணத்தை எடுத்துக் குடுத்ததுக்கே எங்காளுங்களை ஸ்டேஷன்ல நாள் கணக்கா குந்த வெச்சாங்க. ஸ்கூல் விவகாரம் இனிமே நம்பளுக்கு வாணாம். போ, வூட்டுக்குப் போ."

கெட்டவர் அல்ல நீலமேகம். பட்டவர். அடுத்தவர் வம்புக்குப் போய் அடிவாங்கிய மனுஷனுக்குக் கண்முன்னே நடப்பதும் தெரியாது.

எல்லம்மா தண்ணீரில் இறங்கினாள். நீந்திப் போய்ப் படகைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ. இறங்கியவள் என்ன செய்தாள் தெரியுமா? வலையைச் சுற்றிக்கொண்டு போனாள். உயிர் போகிற அவசரத்திலும் கால்கள் தாமாகவே கழிகளை விட்டு விலகி நடந்தன. வளர்ப்பு அப்படி. பாதி தூரம் சுற்றியபிறகுதான் தான் செய்துகொண்டிருந்த மடத்தனம் அவளுக்கு உறைத்தது. நேரே போயிருந்தால் இந்நேரம் வாய்க்காலைத் தொட்டிருப்பாள். அவள் நின்றாள். கழிகளைப் பார்த்தாள். கரையைப் பார்த்தாள்.

ஒரு பெண்ணின் உயிருக்காக இந்த ஆட்கள் எழுந்திருக்க மாட்டார்கள். எதற்கு எழுந்திருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அதற்கு விலை என்ன என்பதும் தெரியும். அம்மாவின் முகம் வந்தது. பறி கடித்த வாயோடு தலையாட்டும் முகம். அந்த வரிசையில் ஊர்ந்து வரும் எல்லாப் பெண்களின் முகமும் வந்தது. சுப்பராயலு சாரிடம் இருந்த பயம் வேறு, இது வேறு. இது பிறந்ததிலிருந்து கூடவே இருந்த பயம்.

முதல் கழியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். சேறு இளகியது. பிடுங்கினாள்.

வலை சரிந்தது. அடுத்த கழி. அதற்கடுத்தது. உள்ளே அடைபட்டிருந்த இறாலும் மடவை மீனும் அவள் கால்களில் மோதிக்கொண்டு வெளியே பாய்ந்தன. கரையில் குப்பமே எழுந்து கத்தியது.

"கழியப் புடுங்குறாடா!"

வள்ளங்களைத் தள்ளும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. பிடுங்கிக்கொண்டே வாய்க்காலை நோக்கிப் போனாள். மார்பளவு, கழுத்தளவு, பிறகு நீச்சல். பின்னால் கழி ஊன்றி வரும் ஆட்களின் வசவு நெருங்கிக்கொண்டே வந்தது. ஆத்தாளையும் அப்பனையும் இழுத்தார்கள். இழுக்கட்டும், வரட்டும், இன்னும் வேகமாக வரட்டும் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

பள்ளிப் படகின் விளிம்பைப் பிடித்தபோது சுப்பராயலு சார் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கையில் துடுப்பு. அதே துடுப்பு. அண்ணாந்து பார்த்த எல்லம்மாவுக்கு அவர் கண்ணில் கோபம்கூடத் தெரியவில்லை. கணக்குப் போடுகிற முகமாக இருந்தது. அவர் அவள் தலையைப் பார்த்தார். வருகிற வள்ளங்களைப் பார்த்தார். பிறகு துடுப்பைப் படகுக்குள் வைத்துவிட்டு, சிரித்தபடியே உட்கார்ந்தார்.

"எல்லம்மா, என்னடி இது?" என்றாள் அமீனா. மிட்டாய் வாயில் இருந்தது.

நீலமேகம் எல்லம்மாவின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துத் தன் வள்ளத்துக்குள் இழுத்துப் போட்டார். நாலைந்து வள்ளங்கள் படகைச் சுற்றிக்கொண்டன.

"நல்லவேளை வந்தீங்க," என்றார் சார். "இந்தப் பொண்ணுக்குக் கொஞ்ச நாளா புத்தி சரியில்லை. உங்க நஷ்டத்துக்கு ஸ்கூல் பதில் சொல்லும். இவளை எங்கிட்ட விட்டுடுங்க, நான் பார்த்துக்கறேன்."

"உடாதீங்க," என்று எல்லம்மா நீலமேகத்தின் காலைக் கட்டிக்கொண்டாள். "என்னை அடிங்க. கொல்லுங்க. அவருகிட்ட மட்டும் உடாதீங்க. அமீனாவையும் உடாதீங்க."

"சார், நேரமாச்சு," என்றாள் அமீனா குழம்பிப்போய். "வாப்பா ஜெட்டியில காத்திருப்பாங்க."

நீலமேகம் அவளைப் பார்த்தார். "எந்த ஜெட்டிம்மா?"

"பழவேற்காடு ஜெட்டி. நேர் வழி சேறா இருக்கு, சுத்திப் போவோம்னு சார் சொன்னாரு."

பழவேற்காடு படகுக்குப் பின்னால், தெற்கே இருந்தது. நீலமேகத்தின் கண் படகுக்குள் போனது. பின் இருக்கைக்கு அடியில் கோணிச்சாக்கு போட்டு மூடிய ஏதோ ஒன்று. தன் கழியை நீட்டிச் சாக்கை விலக்கினார். பள்ளிச் சமையல்கட்டின் உடைந்த அம்மிக்கல். அதில் நீல நைலான் கயிறு சுற்றிக் கட்டியிருந்தது. கயிற்றின் மறுமுனையில் சுருக்கு.

"நங்கூரத்துக்கு," என்றார் சார்.

"நங்கூரம் முன்னால தொங்குதே சார்," என்றார் நீலமேகம். குரல் மாறியிருந்தது. "மாசிலாமணிய எங்க வலையிலருந்து நான்தான் எடுத்தேன். கணுக்கால்ல தோலு வழண்டு, நீலமா பிசிறு ஒட்டிக்கினு கெடந்துச்சு. வலை அறுத்திருக்கும்னாங்க. எங்க வலையில நீலமே கெடையாது சார். அன்னிலருந்து எனுக்குத் தூக்கமில்ல."

அமீனா அம்மிக்கல்லைப் பார்த்தாள், சுருக்கைப் பார்த்தாள், எல்லம்மாவைப் பார்த்தாள். வாயிலிருந்த மிட்டாயை ஏரியில் துப்பினாள். அதன்பிறகு அவள் அழுத அழுகையை நிறுத்த யாராலும் முடியவில்லை.

சுப்பராயலு சாரைக் குப்பத்து ஆட்கள் கட்டிவைத்துப் போலீசில் ஒப்படைத்தார்கள். ஸ்டோரிலிருந்து பெட்டிகளை எடுத்தார்கள், உள்ளே கடத்தல் கைக்கடிகாரங்கள். அமீனாவின் வாப்பா மறுநாளே வந்து மகளை மெட்ராசுக்குக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது அமீனா சிவப்பு ஸ்வெட்டரை எல்லம்மாவின் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள். எல்லம்மா அதைத் தொடவில்லை. படிக்கட்டுக்குப் போன தப்புக்காக அவளை வெளியே அனுப்பும் பேச்சைப் பிரின்சிபால் அம்மா எடுக்கவில்லை. கதவோரம் வெள்ளைச் சட்டை எது தெரிந்தாலும் அவள் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டாள்.

ஆனால் பிடுங்கிய கழி பிடுங்கிய கழிதான். குப்பம் பஞ்சாயத்துக் கூடியது. நீலமேகம் மகளையும் அம்மாவையும் நிற்க வைத்து, தலையைக் குனிந்துகொண்டே தீர்ப்புச் சொன்னார். பொண்ணு செய்தது நல்லதுக்குத்தான். அதை எவனும் மறுக்கவில்லை. ஆனாலும் பாடு நாளில் வலையில் கை வைத்தவளை விட்டுவிட்டால் நாளைக்கு முறை என்று ஒன்று இருக்காது. அடுத்த சீட்டு போடுகிறவரைக்கும் ராஜம்மாவின் குடியிருப்பு ஆட்கள் ஒருத்தரும் இந்தத் தண்ணீரில் இறங்கக் கூடாது.

ராஜம்மா தீர்ப்பைக் கேட்டுவிட்டுப் பறியை எடுத்துக்கொண்டு நடந்தாள். மற்ற பெண்கள் எல்லம்மாவின் பக்கமே திரும்பவில்லை. மாசிலாமணிக்கு நடந்ததைவிட அந்தத் திரும்பாத முகங்கள் அவளைப் பயமுறுத்தின.

மறுநாள் விடிகாலை ஏரிப் படிக்கட்டின்முன் தண்ணீர் வெறுமையாகக் கிடந்தது. எல்லம்மா வெகுதூரம் நடந்தாள். குப்பத்துத் தண்ணீரின் எல்லைக்கு அப்பால், இறால் அதிகம் வராத வடக்குச் சேற்றில் அந்தப் பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். வெறுங்காலோடு அவ்வளவு தூரம் நடந்துவந்த களைப்பு அவர்கள் தோளில் தெரிந்தது. அவளைக் கண்டதும் ஒவ்வொருத்தியாக முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீருக்குள் போனார்கள். ராஜம்மா மட்டும் முழங்கால் நீரில் நின்றாள். பறி கையில் இருந்தது.

எல்லம்மா தண்ணீரோரம் போய் நின்றாள். "அம்மா," என்றாள்.

ராஜம்மாதான் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு வூடு போய்ச் சேந்துச்சா?"

"சேந்துச்சும்மா."

"இன்னா பண்ணுது?"

"அயுதுனே கீதாம். சாப்பிடுதாம்."

"சாப்பிடுதில்ல? அப்ப சரி."

பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டாள். அதன்பிறகு அவளால் பேச முடியாது. தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு, கழுத்தளவு தண்ணீரில் மண்டியிட்டு, மற்றவர்களின் வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டாள்.